கடைசிப் பந்திக்கு என்ன மிஞ்சுகிறது?

தாய்ப்பாலில் குழந்தைக்குச் செரிக்காத ஒரு பொருள் இருக்கிறது. துளியளவு அல்ல, லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரை. பால்சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாகப் பாலில் மிகுந்திருக்கும் திடப்பொருள் அதுதான். ஒலிகோசாக்கரைடு எனப்படும் சிறு சர்க்கரைத் தொடர்கள் அவை. நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளில் தாயின் உடம்பு அவற்றைப் பின்னித் தருகிறது. உடைக்கும் நொதியோ பிள்ளையிடம் இல்லை. பெற்றுக் களைத்த ஓர் உடம்பு, தன் சத்தைச் செலவழித்து, பிள்ளையால் உண்ண முடியாத ஒன்றை எதற்காக இத்தனை அக்கறையோடு ஆக்குகிறது?

உண்பவர் வேறு. பிறந்த சில நாட்களில் குழந்தையின் பெருங்குடலில் பிஃபிடோபாக்டீரியம் என்ற இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. அவற்றிலும் இன்ஃபன்டிஸ் என்ற வகைக்கு அந்தச் சர்க்கரைத் தொடர்களை உள்ளிழுத்துக் கடைசிக் கண்ணி வரை உடைக்கும் வல்லமை உண்டு. உடைத்து அசிட்டிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் ஆக்கிக் குடலைப் புளிப்பாக வைத்திருக்கின்றன. அந்தப் புளிப்பில் பல நோய்க்கிருமிகளுக்குத் தலையெடுக்க வழியில்லை. தாய் ஊட்டுவது ஓர் உயிரை மட்டும் அல்ல. அந்த உயிரைக் காக்கப்போகும் கூட்டத்தையும் சேர்த்துத்தான்.

நான் குமரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பிப்பவள். எத்தனையோ முறை வகுப்பில் சொல்லிவிட்டேன். இந்த இடம் வரும்போது எனக்கு இன்னும் மெய் சிலிர்க்கிறது. உணவைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் "எனக்கு என்ன கிடைக்கும்?" என்றே கேட்கிறோம். மனிதனின் முதல் உணவே அப்படிச் சமைக்கப்படவில்லை.

இப்படி, நமக்குச் செரிக்காமல் நம்முள் வாழும் நுண்ணுயிர்களுக்குப் போய்ச் சேர்ந்து, அதன் வழியே நமக்கு நன்மை தரும் பொருட்களுக்கு 1995இல் கிளென் கிப்சன், மார்செல் ராபர்ஃப்ராய்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ப்ரீபயாடிக் என்று பெயரிட்டார்கள். தயிரிலும் மாத்திரையிலும் உயிரோடு வரும் பாக்டீரியாக்கள் புரோபயாடிக். அவற்றுக்கும் ஏற்கெனவே குடியிருப்பவற்றுக்கும் போடும் சோறு ப்ரீபயாடிக். 2017இல் அறிஞர் குழு ஒன்று இந்த வரையறையைத் திருத்தியபோதும் ஒரு நிபந்தனையை விடவில்லை: எல்லா நுண்ணுயிரும் தின்பது கணக்கில் வராது, குறிப்பிட்ட சிலவே அதைத் தேர்ந்து பயன்படுத்த வேண்டும். ஆகவே நார்ச்சத்து எல்லாம் ப்ரீபயாடிக் ஆகிவிடாது. கோதுமைத் தவிட்டிலுள்ள செல்லுலோஸ் பெரும்பாலும் உருமாறாமலே வெளியேறுகிறது. மலத்துக்கு அளவு சேர்ப்பதும் நல்ல வேலைதான், ஆனால் அது வேறு வேலை.

நாஞ்சில் நாட்டுக் கல்யாண வீட்டில் பந்தி போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. முதல் பந்திகள் எல்லாம் விருந்தினருக்கு. கடைசிப் பந்தி, சமைத்தவர்கள், பரிமாறியவர்கள், பந்தலுக்குப் பொறுப்பாக நின்றவர்கள் ஆகியோருக்கு. குடலிலும் அப்படித்தான். சோற்றின் மாவு, மீனின் புரதம், தேங்காயின் கொழுப்பு எல்லாம் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு முடிந்துவிடுகின்றன. அங்கே கரையாமல் தப்பி வருவது மட்டுமே பெருங்குடலில் காத்திருப்பவர்களின் இலையில் விழும். உழைப்பவர்கள் அவர்கள்தான். கடைசிப் பந்திக்கு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை முழுவதும் என் கேள்வி.

காத்திருப்பவர்களின் எண்ணிக்கை சிறியதல்ல. ஒரு சராசரி மனித உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் வந்த கணக்கீடு சொல்கிறது. நம் சொந்த செல்களின் எண்ணிக்கைக்கு ஏறக்குறைய ஈடானது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில். அவற்றின் திறமையோ நம்மோடு ஒப்பிடக் கூடியதல்ல. உணவிலுள்ள மாவுப்பொருட்களை உடைக்க மனித மரபணுத் தொகுதியில் இருபதுக்கும் குறைவான நொதிகளே இருக்கின்றன. பாக்டீராய்டீஸ் தீட்டாஅயோட்டாமைக்ரான் என்ற ஒற்றைக் குடல் பாக்டீரியத்திடம் 260க்கு மேல். நாம் வெறுங்கையோடு நிற்கும் இடத்தில் அவை கருவிப்பெட்டியோடு வந்து உட்காருகின்றன.

இனி ஏத்தங்காய்க்கு, அதாவது நேந்திரங்காய்க்கு வருகிறேன். குமரி மாவட்டத்தில் பிறந்தவர்களிடம் ஏத்தங்காயைத் தனியாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நறுக்கி வெயிலில் காயவைத்து இடித்த பொடியைக் காய்ச்சிக் கைக்குழந்தைக்கு ஊட்டுவது, எரிசேரிக்குச் சேனையோடு சேர்ப்பது, வத்தலாகப் பொரிப்பது என்று வீட்டில் அது இல்லாத மாதம் கிடையாது. பச்சைக் காயில் இருக்கும் மாவு மணிகள் இறுக்கமாக அடுக்கப்பட்டவை. நம் எச்சிலிலும் கணையத்திலும் சுரக்கும் அமைலேஸ் என்ற நொதி அவற்றை எளிதில் துளைப்பதில்லை. அதனால் அது எதிர்ப்பு மாவு எனப்படுகிறது. காய் பழுக்கப் பழுக்க இந்த மாவு சர்க்கரையாக மாறிவிடும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம் நல்ல பழம், பிள்ளைகளுக்கு விருப்பமான பழம். என்றாலும் கடைசிப் பந்தியை நினைத்துப் பார்த்தால் காய்தான் பெரிது. வேகவைத்தால் காயின் எதிர்ப்பு மாவிலும் பெரும்பகுதி இளகிச் செரிமானத்துக்கு வசப்பட்டுவிடும், ஆறும்போது ஒரு பகுதி மீண்டும் இறுகும். இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் வாழைக்காய் வியாபாரியாகத்தான் பேசியிருப்பேன்.

எதிர்ப்பு மாவு எவ்வளவு பெரிய காரியம் செய்யும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் குழுவினரும் காலரா நோயாளிகள் 48 பேரிடம் ஓர் ஆய்வு செய்து 2000இல் வெளியிட்டார்கள். வழக்கமான உப்புச் சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் எதிர்ப்பு மாவைக் கலந்து ஒரு பகுதியினருக்குக் கொடுத்தார்கள். அது மக்காச்சோள மாவு; வாழை அல்ல. அதைக் குடித்தவர்களுக்குப் பேதியில் வெளியேறும் நீர் குறைந்தது, பேதியும் விரைவில் நின்றது. காரணம் மிக அழகானது. காலரா தாக்குவது சிறுகுடலை. பெருங்குடலில் நுண்ணுயிர்கள் அந்த மாவை நொதிக்கவைத்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்கின. அந்த அமிலங்கள் பெருங்குடல் சுவரைச் சோடியத்தை உறிஞ்சவைத்தன. சோடியம் போகும் வழியில் நீரும் போனது. சாவின் விளிம்பில் கிடப்பவனின் உடம்புக்குள் அவனுடைய பாக்டீரியாக்களையே வேலைக்கு அமர்த்திய மருத்துவம் அது. அடுத்த ஆண்டே, 2001இல், டாக்காவிலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. இரண்டு வாரத்துக்கும் மேலாகப் பேதி நிற்காத கைக்குழந்தைகளுக்கு வேகவைத்த பச்சை வாழைக்காயைச் சோற்றுக் கூழோடு கொடுத்தபோது, வெறும் கூழ் உண்ட பிள்ளைகளைவிட அவர்கள் சீக்கிரம் தேறினார்கள். ஏத்தங்காய்ப் பொடி காய்ச்சிய பாட்டிகளை எண்ணாமல் அந்தக் கட்டுரையை என்னால் படிக்க முடியவில்லை. (இதைப் படித்துவிட்டுப் பேதியாகும் குழந்தைக்கு வாழைக்காய் மட்டும் கொடுத்து உட்கார்ந்திருக்க வேண்டாம். உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் முதலில். அதன் பிறகு மருத்துவர்.)

சரி, மாவோ நாரோ பெருங்குடலை அடைந்துவிட்டது. அங்கே என்ன நடக்கிறது?

யாரும் தனியாக உண்பதில்லை. எதிர்ப்பு மாவின் இறுகிய மணிகளை முதலில் உடைக்கத் துணிவது ரூமினோகாக்கஸ் புரோமியை என்ற பாக்டீரியம். 2012இல் வந்த ஆய்வு ஒன்றில், இது இல்லாத சிலரின் குடல் மாதிரிகளில் மற்றவை எவ்வளவு இருந்தும் மாவு சரியாக உடையவில்லை. இதைச் சேர்த்த பிறகே வேலை நடந்தது. அது உடைத்துச் சிதறவிடும் சர்க்கரையைப் பக்கத்தில் இருப்பவை எடுத்துக்கொள்கின்றன. பிஃபிடோபாக்டீரியாக்கள் அசிட்டேட்டும் லாக்டேட்டும் வெளியிடுகின்றன. அவற்றை வாங்கி ஃபீக்கலிபாக்டீரியம், ரோஸ்பூரியா போன்றவை பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலமாக ஆக்குகின்றன. ஒன்றின் கழிவு அடுத்ததன் உணவு. எந்த நாரைப் போட்டால் எது வளரும் என்பது முதலில் யார் கை வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. உள்ளியிலும் (சின்ன வெங்காயம்) வெள்ளைப்பூண்டிலும் உள்ள இன்யூலின் வகை நாருக்கு முந்திக்கொள்பவை ஒரு கூட்டம், காய்கறிகளின் பெக்டினுக்கு வேறொரு கூட்டம், பயறின் சர்க்கரைத் தொடர்களுக்கு இன்னொன்று.

அந்தப் பியூட்டிரேட்தான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. பெருங்குடல் சுவரின் செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் 70 விழுக்காடு வரை இரத்தத்திலிருந்து எடுப்பதில்லை. பாக்டீரியாக்கள் தரும் பியூட்டிரேட்டை எரித்துப் பெறுகின்றன. எரிக்க ஆக்சிஜன் வேண்டும். செல்கள் ஆக்சிஜனைச் செலவழித்துக்கொண்டே இருப்பதால் குடலின் உட்புறம் ஆக்சிஜன் அற்ற இடமாக இருக்கிறது. ஆக்சிஜன் பட்டால் வாட்டமுறும் நல்ல பாக்டீரியாக்கள் அங்கே செழிக்கின்றன. உணவில் நார் குறைந்து பியூட்டிரேட்டும் குறைந்தால், செல்கள் வேறு எரிபொருளுக்கு மாறுகின்றன; செலவாகாத ஆக்சிஜன் உள்ளே கசிகிறது. அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஈ.கோலை, சால்மோனெல்லா குடும்பத்தவை பெருகத் தொடங்குகின்றன. சமநிலை என்று நாம் சொல்வது இதைத்தான். நல்லவை இத்தனை, கெட்டவை இத்தனை என்று தராசில் நிறுத்துப் பார்க்கும் காரியம் அல்ல அது. நாம் உண்டதன் மிச்சம், அதைத் தின்பவை, அவை தருவதை எரிக்கும் நம் செல்கள், மூன்றும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும் நிலை.

தாங்கலில் ஒன்று சரிந்தால் என்ன ஆகும் என்பதை 2016இல் எலிகளிடம் பார்த்தார்கள். மனிதக் குடல் பாக்டீரியாக்களைக் குடியேற்றிய எலிகளுக்கு நாரே இல்லாத தீவனம் கொடுத்தபோது, பாக்டீரியாக்கள் பட்டினி கிடக்கவில்லை. குடல் சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தைத் தின்னத் தொடங்கின. அதுவும் சர்க்கரைத் தொடர்களால் ஆனதுதான். படலம் மெலிந்தது, பிறகு விட்ட நோய்க்கிருமி எளிதாகச் சுவரைத் தொட்டது. கடைசிப் பந்திக்கு ஒன்றும் மிஞ்சாத வீட்டில் பந்தலையே பிரிக்க வேண்டியதாகிவிடுகிறது.

அதே ஆண்டு வந்த மற்றோர் எலி ஆய்வு என்னை இன்னும் கலங்கவைத்தது. நார் குறைந்த தீவனத்தில் தலைமுறை தலைமுறையாக எலிகளை வளர்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் சில பாக்டீரிய வகைகள் காணாமல் போயின. நான்காம் தலைமுறைக்கு மீண்டும் நார் நிறைந்த தீவனம் கொடுத்தும் அவை திரும்பவில்லை. இல்லாத ஒன்றுக்குச் சோறு போட்டு என்ன பயன்? மனிதர்களிடம் இதை அப்படியே பொருத்திவிட முடியாது. எலி வேறு, கூண்டு வேறு. ஆனாலும் மூன்று தலைமுறைச் சமையல் மாறிப்போனதைக் கண்ணால் கண்ட ஒருத்திக்கு அதைப் படித்துவிட்டு எளிதில் உறக்கம் வராது.

மாற்றம் எந்த வேகத்தில் நடக்கும் என்றால், நம்பிக்கை தரும் வேகத்தில். 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில் அமெரிக்காவின் ஆப்பிரிக்க வம்சாவளியினர் இருபது பேரும், தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் இருபது பேரும் இரண்டு வாரம் உணவை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களுக்கு நாள் ஒன்றுக்கு 50 கிராமுக்கு மேல் நார் சேர்ந்த கிராமத்து உணவு. கிராமத்தவருக்கு இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த நகரத்து உணவு. இரண்டே வாரத்தில் அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் உயர்ந்தது, குடல் சுவரின் அழற்சி தணிந்தது. கிராமத்தவர்களுக்கு நேர்மாறாக நடந்தது.

நம் மாவட்டத்து உணவைப் பற்றிப் பேசும்போது எனக்கும் நண்பர்களுக்கும் வாக்குவாதம் வரும் இடம் மரச்சீனி எனும் மரவள்ளிக் கிழங்கு. "நம் கிழங்குதான் சிறந்த ப்ரீபயாடிக்" என்று சிலர் உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறார்கள். எனக்கும் மரச்சீனியும் சாளைக் கறியும் உயிர்தான். திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மன்னர் பரப்பிய பயிர் அது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது நம் முன்னோரைச் சாகாமல் காத்த பயிர். அந்த நன்றி என்றும் இருக்கும். ஆனால் வேகவைத்துச் சூட்டோடு உண்ணும் மரச்சீனி பெரும்பாலும் செரிக்கும் மாவு. நார் குறைவு. சிறுகுடலிலேயே குளுக்கோசாகி இரத்தத்தில் ஏறிவிடும். முதல் பந்தியிலேயே சட்டி காலி. நீரிழிவு உள்ளவர்கள் அளவாக உண்ணுங்கள் என்று மருத்துவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. மரச்சீனியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதன் பெயரில் இல்லாததைச் சொல்ல வேண்டாம் என்றே எழுதுகிறேன்.

உண்மையில் கடைசிப் பந்தியை நிறைத்தவை அதிகம் பெருமை பேசப்படாத கறிகள். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் சிறுபயறு. வாழைக்கூம்புத் துவரன். வாழைத்தண்டு. சக்கைக்கொட்டை (பலாக்கொட்டை) போட்ட அவியல். காச்சில், சேம்பு, சிறுகிழங்கு. ஒரு கை நிறைய உள்ளி உரித்துப் போடும் தீயல். எட்டுப் பத்துக் காய்களைச் சேர்க்கும் அவியல் ஒன்றில் மட்டும் எத்தனை விதமான செல்சுவர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றின் பெக்டினும் ஹெமிசெல்லுலோஸும் ஒவ்வொரு விதம். பழஞ்சியைப் பற்றியும் ஒரு சொல். இரவு முழுவதும் நீரில் கிடந்த சோற்றில் ஆறி இறுகிய மாவு கொஞ்சம் இருக்கிறது, லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் இருக்கின்றன. எதிர்ப்பு மாவின் அளவு பெரிதல்ல, அதை மிகைப்படுத்த வேண்டாம். கூடவே கடித்துக்கொள்ளும் உள்ளியையும் கணக்கில் சேருங்கள்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் நாராவது வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. இதைப் படித்ததும் பலரும் போகும் இடம் மருந்துக்கடை. அங்கே கிடைக்கும் ப்ரீபயாடிக் பொடிகளில் பலவற்றில் இருப்பது சிக்கரி வேரிலிருந்து எடுத்த இன்யூலின். அது மோசடி அல்ல. இன்யூலின் உண்டால் பிஃபிடோபாக்டீரியா பெருகும் என்பது மனிதர்களிடம் பலமுறை காட்டப்பட்டது. மலச்சிக்கலுக்கும் உதவும். என் தயக்கம் வேறு. ஒரே ஒரு பதார்த்தத்தைத் திரும்பத் திரும்பப் பரிமாறினால் அதை விரும்புகிறவர்கள் மட்டுமே பெருகுவார்கள். 2021இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு இதைவிடச் சங்கடமான ஒன்றைக் காட்டியது. பலவகை நார் உணவைக் கூட்டியவர்களிடமும் பாக்டீரிய வகைகளின் எண்ணிக்கை அந்தச் சில வாரங்களில் பொதுவாக உயரவில்லை. தொடக்கத்திலேயே பலவகைப் பாக்டீரியாக்கள் இருந்தவர்களுக்கே அழற்சி குறைந்தது. தயிர் போன்ற புளித்த உணவுகளைக் கூட்டியவர்களிடம் வகைகள் கூடின. அதாவது சோறு மட்டும் போதாது, உண்ண ஆட்களும் இருக்க வேண்டும். நார் உணவை வாழ்நாள் முழுவதும் விடாமல் வைத்திருப்பதும், விட்டுவிட்டு முதுமையில் பொடியாக வாங்குவதும் ஒன்றல்ல.

முதுமை என்ற சொல் வந்ததால் என் மனதில் கனத்துக் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தில் முதியவர்கள் 178 பேரை ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வந்தது. சொந்த வீட்டில், ஊராரோடு வாழும் முதியவர்களின் குடலில் பலவகைப் பாக்டீரியாக்கள். நெடுநாள் பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களின் குடலில் அந்த வகைகள் சுருங்கியிருந்தன. உணவில் காய்கறி, பழ வகைகள் குறைந்ததோடு அது பொருந்தியது. உடல் தளர்ச்சியோடும் பொருந்தியது. எது காரணம், எது விளைவு என்று முழுதும் பிரித்துச் சொல்ல இயலாது என்றாலும், உணவு முதலில் மாறி அதன்பின் பாக்டீரியாக்கள் மாறியதற்கான அறிகுறிகள் அதில் இருந்தன.

நம் மாவட்டத்தில் பெரும்பாலான முதியவர்கள் இல்லங்களுக்குப் போவதில்லை. வீடே அப்படி ஆகிவிடுகிறது. குலசேகரம் பக்கம் என் பெரியம்மை தனியாக இருக்கிறார். ஒரு மகன் குவைத்தில், ஒரு மகன் சென்னையில். சுற்றிலும் ரப்பர், கொல்லையில் சக்கை, வாழை, முருங்கை. உண்பதோ காலையில் ரஸ்க்கும் தேநீரும், மதியம் கஞ்சியும் ஊறுகாயும், இரவில் பாலில் நனைத்த ரொட்டி. பல் போய்விட்டது என்பது ஒரு காரணம். முழங்கால், விரல் மூட்டு எல்லாம் வலி என்பது இன்னொன்று. பெரிய காரணத்தை அவரே சொன்னார்: "மக்களே, ஒருத்திக்காக யார் அவியல் வைப்பார்கள்?" சக்கை பழுத்து மரத்தடியில் விழுந்து கிடக்கிறது. பெரியம்மை மலச்சிக்கலுக்கு மருந்து குடிக்கிறார்.

அந்த மருந்து லாக்டுலோஸ். அதையும் நினைத்துப் பார்க்கிறேன். பால்சர்க்கரையிலிருந்து செய்த, மனிதனுக்குச் செரிக்காத சர்க்கரை அது. குழந்தைகளின் குடலில் பிஃபிடோபாக்டீரியாக்களை வளர்க்கிறது என்று 1957இல் ஆஸ்திரியாவின் பெட்டூலி கண்டறிந்த பொருள். கொல்லையில் அழுகும் உணவு செய்திருக்கக்கூடிய வேலையில் ஒரு பங்கைச் செய்ய, பாட்டிலில் அடைத்த நுண்ணுயிர் உணவு வீட்டுக்கு வருகிறது. மருந்து தேவையான இடத்தில் தேவைதான். எழுதிக்கொடுத்த மருத்துவர் சரியாகவே எழுதிக்கொடுத்தார். எனக்குக் கோபம் வருவது அந்த மரத்தடியைப் பார்க்கும்போது.

முதியவர்களுக்கு நாரைக் கூட்டும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. பயறின் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைத் தொடர்களை உடைக்கும் நொதி நமக்கு இல்லை. பாக்டீரியாக்கள் உடைக்கும்போது வாயு வரும். "வாயு" என்று சொல்லிப் பயறையே விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர்! அது நோய் அல்ல, உண்கிறார்கள் என்பதன் அடையாளம். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் கொஞ்சம் குறையும். ஒரே நாளில் கிண்ணம் நிறையக் கொடுக்காமல் ஒரு கரண்டியில் தொடங்கி மெல்லக் கூட்டினால் குடலும் பழகிக்கொள்ளும். தண்ணீர் போதிய அளவு குடிக்க வேண்டும். எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்கு உள்ளி, பூண்டு, பயறு ஆகியவையே வயிற்றை உப்பவைத்து வலி தரலாம். குடலில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், குடல் சுருங்கியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நாரைக் கூட்டக் கூடாது. பல் இல்லாதவர்களுக்கு எல்லாவற்றையும் குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். வேகவைப்பதால் பெக்டினும் பயறின் சர்க்கரைத் தொடர்களும் முற்றாக அழிந்துவிடுவதில்லை.

வெளிநாட்டில் இருந்து தினமும் அழைக்கும் பிள்ளைகள் "சாப்பிட்டீர்களா அம்மா?" என்று கேட்கிறார்கள். "ஆம்" என்று பதில் வரும், ரஸ்க்கும் சாப்பாடுதானே. என்ன கறி வைத்தீர்கள், நேற்று என்ன, அதற்கு முந்தின நாள் என்ன என்று கேளுங்கள். ஒரே பதில் மூன்று முறை வந்தால் பணம் அனுப்ப வேண்டிய இடம் மருந்துக்கடை அல்ல. காய் நறுக்கித் தர ஒரு கை வேண்டும், அதற்கு அனுப்புங்கள்.

பெரியம்மை வீட்டில் அப்படி ஓர் ஏற்பாடு நடக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா சக்கையை வெட்டித் தருகிறார். பாதி அவருக்கு, பாதி பெரியம்மைக்கு. கொட்டையைத் தோல் நீக்கி நறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகிறார். கொல்லையில் ஏத்தன் குலை வெட்டும் நாளில் இரண்டு சீப்பு காயாகவே தனியே எடுத்துவைக்கப்படுகிறது, எரிசேரிக்கு. முதல் சில நாட்கள் வயிறு உப்பியது என்று பெரியம்மை என்னைத் திட்டினார். அளவைக் குறைத்துத் திரும்பத் தொடங்கினோம். லாக்டுலோஸை மருத்துவரைக் கேட்டுப் பாதியாக்கியிருக்கிறார். போன வாரம் என்னிடம் காச்சில் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். திங்கள்சந்தையில் வாங்கிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.